காவலும் அயலும்: பிரிக்ஸ்டன் தந்த பாடம்

அயலைக் காக்கும் பொறுப்பு எவருக்குரியது? பொலிஸாருக்கா, அங்கு வாழும் மக்களுக்கா? இரு சாராரும் ஒன்றுபட வேண்டும் என்பது எல்லோரும் ஒப்பும் விடை. ஆயின் எந்த அடிப்படையில் ஒன்றுபடுவது என்ற வினாவுக்கு வரலாற்றிலேதான் விடை தேட வேண்டும். தென் இலண்டனிலுள்ள பிரிக்ஸ்டன் பகுதியின் கதையை நாம் இந்நோக்கிலேயே அணுகுகிறோம்.

1829 இல் இலண்டன் மாநகரப் பொலிஸ் படை அமைந்தபோது, குற்றத்தைத் தடுப்பதே அதன் தலையாய கடமை என விதிக்கப்பட்டது. மக்களின் சம்மதத்தோடு காவல் புரிதல் என்பது ஆங்கிலேயர் பெருமையோடு பேசிவந்த மரபு. ஆனால் அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே பிறந்த வேறொரு மரபும் உண்டு. நெப்போலியப் போர்கள் முடிந்தபின் வேலையின்றித் தெருவுக்கு வந்த வறியவர்களை அடக்க, 1824 இல் அலைந்து திரிவோர் சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் புரியும் நோக்குடன் நடமாடுகிறான் என்ற சந்தேகமே ஒருவனைச் சிறைப்படுத்தப் போதுமானதாயிற்று. 1841 இல் இலங்கையில் ஆக்கப்பட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் இம்மரபின் வாரிசே.

1948 இல் 'எம்பயர் வின்ட்ரஷ்' கப்பலில் வந்த மேற்கிந்தியத் தொழிலாளருள் தங்க இடமற்றோர், கிளாபம் தெற்கிலிருந்த போர்க்காலச் சுரங்கப் புகலிடத்தில் தங்கினர். அவர்களுக்கு அண்மையிலிருந்த தொழில் தேடும் அலுவலகம் பிரிக்ஸ்டனில் இருந்தது. இவ்வாறே அங்கு ஒரு கறுப்பினச் சமூகம் வேரூன்றியது. பெற்றோர் பேருந்துகளை ஓட்டினர்; மருத்துவமனைகளில் உழைத்தனர். எழுபதுகளில் அவர்தம் பிள்ளைகளுக்கு வாய்த்ததோ வேலையின்மை. 1824 ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது அந்த இளைஞர் மீது பாய்ந்தது.

பொலிஸாரும் மக்களும் கலந்துபேச முயற்சிகள் நடைபெறாமலில்லை. ஆனால் 1979 இல், தேடப்பட்டவர்களைப் போல் ஆட்டுத்தோல் மேலங்கி அணிந்திருந்தனர் என்பதற்காக, உள்ளூர்ச் சமூக உறவு மன்றத்தின் ஊழியர் மூவர் கைதாயினர். கலந்துரையாடல் முறிந்தது.

1981 ஏப்ரில் மாதத்தில் 'சதுப்பு 81' என்ற நடவடிக்கை தொடங்கியது. சாதாரண உடையில் பொலிஸார் தெருத்தெருவாய் இறங்கினர். ஒரு வாரத்துக்குள் 943 பேர் மறித்துச் சோதிக்கப்பட்டனர். 118 பேர் கைதாயினர். இது பற்றிச் சமூகத் தலைவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அப்பகுதியில் நாளும் சுற்றிவந்த பொலிஸாரிடங்கூடக் கேட்கப்படவில்லை. ஏப்ரில் 10 இல் மூண்ட கலகம் மூன்று நாட்கள் நீடித்தது. குற்றத்தைத் தடுக்க வந்த நடவடிக்கையே கலகத்துக்கு வித்திட்டமை வரலாற்றின் முரண்.

விசாரணை நடத்திய ஸ்கார்மன் பிரபு, பொது அமைதியைப் பேணுவதே பொலிஸாரின் முதற்கடமை என்றும், சட்டத்தை நிறைவேற்றுதல் அதற்கு அடுத்ததே என்றும் நவம்பரில் அறிக்கையிட்டார். சந்தேகத்தில் கைது செய்யும் அப்பழைய விதி அதே ஆண்டில் நீக்கப்பட்டது. 1982 இல் லாம்பெத் சமூக–பொலிஸ் ஆலோசனைக் குழு தோன்றியது. மக்களின் கருத்தறிய ஒழுங்கு செய்தல் 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாயமாயிற்று. சாதாரணக் குடிமக்கள் பொலிஸ் நிலையத் தடுப்பறைகளைச் சென்று பார்வையிடும் முறையும் பிறந்தது. இவை சிறிய ஆதாயங்களல்ல. மக்கள் தெருவில் நின்று பெற்ற ஆதாயங்கள் இவை.

எனினும் 1985 செப்டெம்பரில், மகனைத் தேடி வீடு புகுந்த பொலிஸார் கறுப்பினத் தாயொருவரைச் சுட்டு முடமாக்கியபோது பிரிக்ஸ்டன் மீண்டும் எரிந்தது. குழுக்களுக்குக் கருத்துரைக்கும் உரிமை இருந்தது. கட்டளையிடும் அதிகாரம் இருக்கவில்லை. நிறுவனமயப்பட்ட இனவாதம் இல்லையென ஸ்கார்மன் மறுத்திருந்தார். அது மாநகரப் பொலிஸில் உண்டென 1999 இல் மக்பெர்சன் அறிக்கை ஒப்புக்கொள்ளப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன.

எண்பதுகளில் பிரித்தானியா எங்கும் அயற்காவற் குழுக்கள் பரவின. ஆனால் அவை எளிதில் செழித்தவை, சொந்த வீடுடையோர் வாழும், குற்றம் குறைந்த பகுதிகளிலேயே. காவல் மிகத் தேவைப்பட்ட வறியோர் குடியிருப்புகளில் அவை தளர்ந்தன. பொலிஸாரை நம்பாத அயலவன் அவர்களுக்குக் கண்ணாகவும் காதாகவும் எவ்வாறு இருப்பான்?

குற்றத்தால் முதலில் வாடுபவர் ஏழைகளே. ஆகவே காவலை அவர்கள் வெறுக்கவில்லை. தம்மையே குற்றவாளியாகக் கருதும் காவலைத்தான் வெறுக்கின்றனர். வேலையும் வீடும் மதிப்பும் மறுக்கப்பட்ட மக்களிடம் ஒத்துழைப்பை மட்டும் கேட்பது நீதியாகாது. காவலுக்குப் பொறுப்பானவர்கள் மக்களுக்கும் பொறுப்புக் கூறும்போதே அயல் தன்னைத் தானே காக்கும் வலிமை பெறும். பிரிக்ஸ்டன் நமக்குக் கற்பிப்பது இதுவே.