ஆழாக்கு எத்தனை கிராம்?

இட்லிக்கு நாலு ஆழாக்கு அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து என்று பாட்டி சொல்கிறார். கடையில் அரிசி கிலோவில் வருகிறது. ஆழாக்குக்கு எத்தனை கிராம் என்ற கேள்வி அங்கே முளைக்கிறது.

ஆழாக்கு முகத்தல் அளவைச் சொல். 2 ஆழாக்கு 1 உழக்கு; 2 உழக்கு 1 உரி; 2 உரி 1 நாழி. நாழியைத்தான் பிற்காலத்தில் படி என்றோம். 8 நாழி 1 குறுணி. அதற்கே மரக்கால் என்றும் பெயர். அடியில் போனால் 360 நெல் 1 செவிடு, 5 செவிடு 1 ஆழாக்கு என்று நெல்மணியில் போய் நிற்கும் வாய்ப்பாடு. அதன்படி ஆழாக்குக்கு 1,800 நெல்.

அளவும் நிறையும் வேறு வேறு என்பதில் தமிழுக்குக் குழப்பமே இல்லை. தொல்காப்பியம் அளவுப்பெயர், நிறைப்பெயர் என்று இரண்டையும் பிரித்தே பேசுகிறது. நாழியோடு உரி சேர்ந்தால் ‘நாடுரி’ என்றாகும் என்று அதற்கொரு விதியும் வைத்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்று பெயர், பொன் நிறுத்த கல்லுக்கும் அதே பெயர். அங்கே ஒரு விளக்கு நாள்தோறும் எரிய உழக்கு நெய். அதற்கென்று விட்ட ஆடுகள் 96. நெய்யை முகந்தார்கள், பொன்னை நிறுத்தார்கள்.

சிக்கல், படி ஊருக்கு ஊர் மாறியதில்தான். பட்டணம் படி ஒன்று, சின்னப்படி ஒன்று. மலையாள நாட்டில் நாழி என்பது இடங்கழியில் கால் பங்கு. பேர் ஒன்று, பாத்திரம் வேறு. அளக்கும் கையும் கணக்கில் சேரும்: தலை தட்டி அளந்தால் ஒன்று, கோபுரமாகக் குவித்தால் இன்னொன்று.

1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. ஆனாலும் 1967 தேர்தல் மேடைகளில் முழங்கியது ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்பதுதான். பேச்சில் உரி அரைப்படியாகவும் உழக்கு கால்படியாகவும் மாறிப்போக, ஆழாக்கு மட்டும் தன் பேரோடு அடுக்களையில் தங்கிவிட்டது.

இனி கிராம் கணக்கு. ஆழாக்கை 168 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் 168 கிராம், பச்சரிசி ஏறத்தாழ 140, நெய் 150-ஐ ஒட்டி, தேன் 235-க்கு மேல். சலித்த மைதா 90-ஐத் தொட்டாலே அதிகம். அதையே அமுக்கி நிரப்பினால் இன்னும் கூடும். அரிசிக்கும் மாவுக்கும் மணிகளுக்கு நடுவே நிற்கும் காற்றையும் பொறுத்தது எடை. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லிலிட்டர். அது ஜப்பானிய ‘கோ’ அளவு. அதை ஆழாக்கு என்று நினைத்து அளந்தாலும் சோறு கெடாது, தண்ணீரையும் அதே கப்பால் ஊற்றும் வரை.

அரிசியும் உளுந்தும் 4-க்கு 1 என்பது விகிதம். எந்தப் பாத்திரத்தால் அளந்தாலும் அது மாறாது. கேக், ரொட்டி மாதிரி மாவுப் பண்டங்களுக்கும் மொத்தமாகச் சாமான் வாங்குவதற்கும்தான் தராசு வேண்டும். வீட்டு ஆழாக்கின் கொள்ளளவு தெரியாதவர்கள் அதில் தண்ணீர் நிரப்பி நிறுத்துப் பார்க்கலாம்: எத்தனை கிராமோ அத்தனை மில்லிலிட்டர். அதன் பிறகு அரிசிக்கு ஒரு தடவை, உளுந்துக்கு ஒரு தடவை, மாவுக்கு ஒரு தடவை நிறுத்து டப்பா மூடியில் எழுதி வைத்துவிட்டால், அந்த வீட்டுக்கு வேறு வாய்ப்பாடு வேண்டாம்.