கொல்லைப்புறமும் பிரகடனமும்: வளாகச் சூழல் வரலாற்றில் ஒரு பாடபேதம்

பல்கலைக்கழகம் சூழலைப் பற்றிப் பாடம் நடத்துவது வேறு. தன் வளாகத்தையே சூழலுக்குக் கேடில்லாமல் நடத்துவது வேறு. இந்த இரண்டாவது எண்ணம் எப்போது பிறந்தது? ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளில் வழக்கமாகக் கிடைக்கும் விடை டாரா ரைட் 2002இல் வெளியிட்ட கட்டுரையின் வழிவந்தது. 1972 ஸ்டாக்ஹோம், 1977 திபிலிசி, 1990 தல்வார், 1991 ஹாலிஃபாக்ஸ், 1993 சுவான்சியும் கியோத்தோவும், 1997 தெசலோனிகி எனப் பிரகடனங்களை வரிசையாக அடுக்கி, அவற்றுக்குப் பொதுவான கருப்பொருள்களை அவர் பிரித்துக்காட்டினார். தொகுப்பாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத உழைப்பு. கையெழுத்திட்ட நிறுவனமெல்லாம் சொன்னதைச் செய்துவிடவில்லை என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. அவருக்குப் பின்வந்தவர்கள்தாம் அந்த அட்டவணையை வம்சாவளியாக மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் அதற்கு இடங்கொடுத்தது ரைட்டின் வாசிப்பு முறையே என்பது என் கருத்து.

முதல் கண்ணியையே எடுத்துக்கொள்வோம். ஸ்டாக்ஹோம் பிரகடனத்தின் 19ஆம் கொள்கைதான் இங்கே சான்றாகக் காட்டப்படுவது. இளைய தலைமுறைக்கும் பெரியவர்களுக்கும் சூழல் கல்வி வேண்டும், வசதியற்றவர்களைக் கருத்தில் கொள்ள வேண்டும், வெகுசன ஊடகங்கள் பொறுப்போடு நடக்க வேண்டும் என்கிறது அது. பல்கலைக்கழகம் என்ற சொல் அதில் இல்லை. விடுதி இல்லை, கொதிகலன் இல்லை, குப்பைத்தொட்டி இல்லை. திபிலிசி உயர்கல்வியைப் பேசுகிறது; ஆனால் ஆய்வும் பயிற்சியும் நடக்கும் இடமாகத்தான். வல்லுநரை உருவாக்கும் கட்டடத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. இவ்விரண்டையும் வளாகச் சூழலின் முன்னோர் என்று சொன்னால், கல்வி பற்றிய எந்த ஆவணத்தையும் அப்படிச் சொல்லிவிடலாம்.

வளாகம் உண்மையில் நுழையும் இடம் தல்வார். பிரான்சின் அன்னெசி ஏரிக்கரையில், பழைய பெனடிக்டைன் மடாலயம் ஒன்றில், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் தன் ஐரோப்பிய மையத்தை வைத்திருக்கிறது. 1990 அக்டோபரில் டஃப்ட்ஸின் தலைவர் ழான் மேயர் அங்கே கூட்டிய பல்கலைக்கழகத் தலைவர்கள் 22 பேர். அவர்கள் பத்து அம்சங்கள் கொண்ட திட்டம் ஒன்றை வெளியிட்டார்கள். ரைட்டும் மற்றவர்களும் இதை ஒரே பாடமாகக் கொண்டு ஆராய்கிறார்கள்; என் மறுப்பு தொடங்குவது இங்கேதான். கைக்குக் கிடைக்கும் படிகளில் இரண்டு பாடங்கள் உண்டு.

முதற்பாடத்தில் ஐந்தாம் அம்சம் சுருக்கமானது. பல்கலைக்கழகங்களில் வளச் சிக்கனம், மறுசுழற்சி, கழிவுக் குறைப்பு ஆகியவற்றுக்கான திட்டங்களை ஏற்படுத்தி முன்மாதிரியாக இருங்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. மற்றப் பாடத்தில் அம்சங்களுக்குத் தலைப்புகள் ஏறியிருக்கின்றன. ஐந்தாவதன் தலைப்பு நிறுவனச் சூழலியலைக் கடைப்பிடிக்கச் சொல்கிறது. ‘திட்டங்கள்’ இருந்த இடத்தில் ‘கொள்கைகளும் நடைமுறைகளும்’ உட்கார்ந்திருக்கின்றன. கடைசியில் புதிதாக ஒரு தொடர்: சூழலுக்கு இசைவான அன்றாட இயக்கம். திட்டம் என்பது யாரோ ஒரு பேராசிரியர் நல்கை வாங்கி மூன்று ஆண்டுகள் நடத்தி மூடிவிடக்கூடியது. அன்றாட இயக்கம் என்றால் கொள்முதல் பிரிவு, சமையற்கூடம், கொதிகலன் அறை, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் உள்ளே வந்துவிடும். ரைட் தம் கருப்பொருள்களில் ஒன்றாக ‘பௌதிக இயக்கங்களின் நீடித்தன்மை’யைக் குறிக்கிறார். அது தல்வாரில் உண்டு என்று ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டால், அது எப்போது, யாரால் உள்ளே வந்தது என்ற கேள்வி அந்தக் கட்டத்துக்குள்ளேயே புதைந்துபோகிறது.

பிற்பாடத்தின் காலத்துக்கு ஒரு அகச்சான்று உண்டு. முதற்பாடத்தின் ஒன்பதாம் அம்சம் ஐ.நா.வின் சூழல், வளர்ச்சி மாநாட்டோடு சேர்ந்து பணியாற்றச் சொல்கிறது. அந்த மாநாடு 1992 ஜூனில் ரியோவில் நடந்து முடிந்தது. பிற்பாடத்தில் மாநாட்டின் பெயர் இல்லை. தேசிய, பன்னாட்டு அமைப்புகள் என்று பொதுவாக மட்டும் இருக்கிறது. எனவே மாற்றம் ரியோவுக்குப் பிந்தியது. பரவலாகப் புழங்கும் படியின் அடியில் 1994இல் திருத்தியதாகக் குறிப்பும் இருக்கிறது. ஆனால் ஒன்பதாம் அம்சம் மாறியபோதே ஐந்தாவதும் மாறியதா என்பதை இதைக்கொண்டு முடிவுசெய்ய முடியாது. 1992க்கும் 1994க்கும் இடையில் என்று வைத்துக்கொள்வதே பத்திரம்.

அந்தத் தொடர் எங்கிருந்து வந்தது? தலைவர்களுக்கு முன்பே மாணவர்கள் குப்பையைக் கிளறியிருந்தார்கள். 1989 ஜூனில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், நகர்த்திட்டமிடல் துறையின் முதுநிலை மாணவர்கள் தங்கள் வளாகத்தையே ஆய்வுப்பொருளாக்கி ஓர் அறிக்கை தந்தார்கள். ‘எங்கள் கொல்லைப்புறத்தில்’ என்பது அதன் பெயர். அதில் ஈடுபட்ட ஏப்ரல் ஸ்மித், மாணவர் சூழல் செயற்கூட்டமைப்போடு சேர்ந்து, எந்த வளாகமும் தன்னைத்தானே தணிக்கை செய்துகொள்ள வழிகாட்டும் நூலை 1993இல் கொண்டுவந்தார். நூலின் பெயர் ‘வளாகச் சூழலியல்’. பிரகடனத்தின் புதிய தலைப்பு ‘நிறுவனச் சூழலியல்’. இரண்டும் ஒரே மூன்றாண்டுக்குள் வருபவை. ஒன்றிலிருந்து மற்றது கடன் வாங்கியது என்று நிறுவும் கடிதம் எதுவும் என் கையில் இல்லை. தற்செயல் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை.

இன்னும் ஒரு படி பின்னே போகிறேன். தரை இங்கே இன்னும் மெலிவு. அறிக்கையின் தலைப்பை அக்கால அமெரிக்கக் காதோடு கேட்க வேண்டும். ‘எங்கள் கொல்லையில் வேண்டாம்’ என்பது குப்பைக்கிடங்குக்கும் நச்சுக்கழிவுக்கும் எதிராகத் தெருவுக்குத் தெரு ஒலித்த முழக்கம். லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி, ‘லான்சர்’ என்ற பெயரில் குப்பை எரி உலை ஒன்றைத் தென்மத்தியப் பகுதியில் கட்ட முனைந்தது. அங்கே வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் முன்னின்று எதிர்த்தார்கள். 1987இல் மேயர் டாம் பிராட்லி திட்டத்தைக் கைவிட்டார். அந்த உலையை விரிவாக ஆராய்ந்தது இதே துறைதான். ராபர்ட் காட்லீப் அங்கே ஆசிரியர். நகரத்தின் குப்பை எங்கே போகிறது என்று கணக்கெடுத்த துறை, இரண்டே ஆண்டில் தன் குப்பை எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறது. முழக்கத்தின் ‘வேண்டாம்’ உதிர்ந்து, ‘கொல்லைப்புறத்தில்’ மட்டும் தலைப்பாக மிஞ்சியது. வளாகச் சூழல் இயக்கத்தின் ஒரு வேராவது ஏரிக்கரை மடாலயத்தில் இல்லை, ஓர் ஏழைப் பேட்டையின் குப்பைச் சண்டையில் இருக்கிறது என்று வாதிட எனக்கு இது போதுமானதாகத் தோன்றுகிறது. தலைப்பின் பொருள் ஊகமே. காலவரிசை ஊகம் அல்ல.

இதே ஆண்டுகளில் ஆர்கன்சா மாநிலத்து ஹென்ட்ரிக்ஸ் கல்லூரி மாணவர்கள் தங்கள் சாப்பாட்டுக்கூடத்தின் கொள்முதலைத் துருவினார்கள். சூழல் கல்வியாளர் டேவிட் ஓர் இதைப் பதிவுசெய்திருக்கிறார். அமெரிக்காவில் நெல் மிகுதியாக விளையும் மாநிலம் ஆர்கன்சா. கல்லூரியிலிருந்து சில மைலில் வயல்கள். தட்டில் விழுந்த சோறோ மிசிசிப்பி அரிசி. சுற்றிலும் மாட்டுப்பண்ணைகள், இறைச்சி டெக்சாசின் அமரில்லோவிலிருந்து. எந்தப் பிரகடனமும் சொல்லாமலே ரசீதுக்கட்டிலிருந்து எழுந்த கேள்வி இது.

என் வாதத்துக்கு எதிரான சான்றையும் வைத்துவிடுகிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் மாணவர்கள் நடத்தும் சூழல் மையம், முதல் புவி நாளைத் தொடர்ந்து, 1970இலேயே தொடங்கியது. எனவே 1989ஐப் பிறந்த ஆண்டென்று நான் கொண்டாட முடியாது. இன்னொரு சிக்கல் டஃப்ட்ஸிலேயே இருக்கிறது. தல்வார் நடந்த அதே 1990இல் அந்தப் பல்கலைக்கழகம் தனக்கென ஒரு சூழல் கொள்கையை ஏற்றதோடு, தன் அன்றாட இயக்கத்தில் கழிவைக் குறைக்கும் முயற்சியையும் தொடங்கியது. அதில் பணியாற்றிய சாரா கிரெய்ட்டனின் நூல் 1998இல் வந்தது. அந்தக் கழிவுக் கணக்குக்காரர்களே பிரகடனத்தின் ஐந்தாம் அம்சத்தைத் திருத்தத் தூண்டியிருந்தால், லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நான் இழுத்த கோடு நீண்டதொரு சுற்றுவழியாகிவிடும். பிரகடனச் செயலகத்தின் 1992–94 வரைவுகளை வரிக்கு வரி ஒப்பிடும்வரை இரண்டில் எதையும் தள்ள இயலாது.