கணினிக் கழிவு: தாம்பரம், திருநீர்மலை வட்டாரம்

பயன்பாடு முடிந்த மேசைக் கணினி, மடிக்கணினி, திரை, அச்சுப்பொறி, யூபிஎஸ் முதலியவை கணினிக் கழிவு எனப்படும். மின்னணுக் கழிவில் இது ஒரு பகுதியே. உலகம் முழுவதும் 2022ஆம் ஆண்டில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குப் பதிவு இருப்பது அதில் 22.3 விழுக்காட்டுக்கு மட்டுமே என்றும் ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இந்தியாவில் 2021-22இல் சேர்ந்தது ஏறத்தாழ 16 லட்சம் டன். அதில் முறைப்படி கையாளப்பட்டது 5.27 லட்சம் டன். மீதியெல்லாம் தெருவில் கிடந்ததாக எண்ணிவிடக் கூடாது. கொஞ்சம் பரண்களில் இருக்கிறது, பெரும்பகுதி காயலான் கடைகளின் வழியே பிரிக்கப்பட்டு விலைக்குப் போய்விட்டது. கணினியைக் குப்பையில் எறியாதீர்கள் என்ற வழக்கமான அறிவுரை அதனால்தான் நம் ஊரில் எடுபடுவதில்லை. இங்கே எறிபவர்கள் குறைவு, விற்பவர்கள்தான் மிகுதி. விற்ற பின் அது யார் கைக்குப் போகிறது, அந்தக் கை அதை நெருப்பிலும் அமிலத்திலும் இடுகிறதா என்பதே கேள்வி. விடை வீட்டுக்காரரின் நல்லெண்ணத்தைவிட விலையைப் பொறுத்தே அமைகிறது.

சென்னையின் புறநகரான திருநீர்மலை இதற்கு நல்ல சான்று. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் இணைந்த பேரூராட்சிகளுள் ஒன்று இது. சில கிலோமீட்டர் தொலைவில், தாம்பரம் சானடோரியத்தில், 1984இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இருக்கிறது. திரிஷிராயா என்னும் மின்கழிவு மறுசுழற்சி நிறுவனம் அந்த வளாகத்து முகவரியிலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியல்களில் இடம்பெற்றது. உரிமம் பெற்ற இடம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் வீட்டுக் கணினிகள் அங்கே வரிசைகட்டிப் போகவில்லை. தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் வாசலிலேயே எடை போட்டுப் பணம் தருகிறார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கீபோர்டு முதல் மானிட்டர் வரை கைமாறுகிறது. பாகமாக விற்கத் தெரிந்தவர் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகிறார். மக்களுக்குக் கண்ணில் படும் பாதை இதுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், பழுதே இல்லாத பல கணினிகளும் இப்போது இதே பாதையில் வரிசையில் நிற்கின்றன.

இந்தப் பாதையில் எல்லாக் கட்டமும் கெட்டதல்ல. ஸ்க்ரூ டிரைவரால் கணினியைக் கழற்றி இரும்புச் சட்டம், அலுமினியத் தகடு, பிளாஸ்டிக் கூடு எனப் பிரிப்பதில் ஆபத்து குறைவு, நேர்த்தி அதிகம். பெரிய இயந்திரம் அரைத்துக் கலந்துவிடுவதைக் கைத்தொழிலாளி கலக்காமல் எடுத்துவிடுகிறார். கேடு தொடங்குவது அதற்கு அடுத்த கட்டத்தில். செம்புக்காக வயரைக் கொளுத்தினால் பிவிசி உறையிலிருந்து டயாக்சின் என்னும் நஞ்சு வருகிறது. தங்கத்துக்காக மின்சுற்றுப் பலகைகளை அமிலத்தில் ஊறவைத்தால் ஈயமும் செம்பும் கரைந்த நீர் சாக்கடைக்குப் போகிறது. பழைய குழல் திரையின் கண்ணாடியில் ஒரு கிலோவுக்கு மேலும் ஈயம் இருப்பதுண்டு; அதை வாங்க ஆளில்லாததால் உடைத்துக் கொட்டிவிடுகிறார்கள். மின்னணுக் கருவிகளில் ஈயம், காட்மியம், பாதரசம் ஆகியவற்றின் அளவுக்கு இந்தியாவில் வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2014 மே மாதத்தில்தான். அதற்கு முந்தைய கருவிகளே இன்று பரணில் மிகுதியாகக் கிடக்கின்றன. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களின் முறைசாராப் பிரிப்பிடங்களில் மண்ணை எடுத்து ஆராய்ந்து, காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2018இல் கட்டுரை வெளியிட்டது. பிசிபி (பாலிகுளோரினேற்ற பைஃபீனைல்), டயாக்சின் வகை நஞ்சுகள் அம்மண்ணில் பதிவாயின.

உலோகம் ஒருமுறை நிலத்தடி நீரில் இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரம் வெளியே போய்ப் பாடம் படிக்க வேண்டியதில்லை. திருநீர்மலைக்கு அடுத்திருக்கும் நாகல்கேணியிலும் பம்மல், பல்லாவரம் பகுதிகளிலும் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் குரோமியக் கழிவைப் பல ஆண்டுகள் வெளியேற்றின. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் 1990களில்தான் வந்தது. அதற்குப் பின்னும் அங்கே நிலத்தடி நீரில் குரோமியம் இருப்பதை ஆய்வுகள் காட்டின. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இப்பகுதி அடங்கியிருந்த அன்றைய செங்கை எம்ஜிஆர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்ற அத்தீர்ப்பும் ஒரு காரணம். அந்த வழக்கில் எளிதாக இருந்த ஒன்று கணினியில் கடினம்: தோல் ஆலைக்கு முகவரி உண்டு. பத்துப் பேர் கை மாறிய கணினிப் பலகையை ஒரு கொல்லைப்புறத்தில் அமிலத்தில் இட்டவர் யார் என்று எந்த நீதிமன்றம் தேடும்?

அதனால்தான் சட்டம் சங்கிலியின் மறுமுனைக்குப் போய் உற்பத்தியாளரைப் பிடித்தது. 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்த முதல் மின்கழிவு விதிகளிலேயே, தன் பொருளின் கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்பது இருந்தது. 2016 விதிகளில் இலக்கு சேர்ந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, விற்றதைக் கணக்கிட்டு உற்பத்தியாளர் 2023-24இலும் 2024-25இலும் 60 விழுக்காடு, அடுத்த ஈராண்டுகளில் 70, 2027-28 முதல் 80 விழுக்காடு மறுசுழற்சி செய்யப்பட்டதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் விலைக்கு வாங்கப்படும். விலை அடிமட்டத்துக்கு இறங்கிவிடாமல் நுகர்வோர் மின்னணுப் பொருள்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் என்று வரையறுத்தபோது பெரிய நிறுவனங்கள் சில டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. சண்டை எதைப் பற்றி என்பதைக் கவனித்தாலே பிரச்சினையின் மையம் புரிந்துவிடும். அமிலக்காரருக்கு நச்சுநீரைச் சுத்திகரிக்கும் செலவு இல்லை, ஆகவே அவரால் கூடுதல் விலை கொடுக்க முடிகிறது. ஒழுங்காகச் செய்பவருக்கு அந்தச் செலவு உண்டு. இந்த இடைவெளியை யாராவது நிரப்பினால்தான் கணினி நல்ல கைக்குப் போகும்.

அப்படியானால் காயலான் கடைகளையே மூடிவிடலாமே என்பவர்கள் உண்டு. மூடினால் சேகரிப்பு நின்றுபோகும், எரிப்பு நிற்காது. இன்னும் மறைவான இடத்துக்குப் போகும். அந்தக் கடைகளின் அளவுக்கு வீடு வீடாகச் சென்று எடுக்கும் ஆற்றல் நிறுவனங்களிடம் இன்று இல்லை. முழுக் கணினியை முழுதாக ஒப்படைத்தால் உதிரியாக விற்பதைவிடக் கூடுதல் பணம் கிடைக்கும் என்ற நிலை வந்தால், எரிக்கும் தேவை கடைக்காரருக்கே இருக்காது. இலாபக் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது: தாதுவில் ஒரு டன்னுக்குச் சில கிராம் தங்கமே இருக்க, கணினிப் பலகைகளில் 100 கிராமுக்கு மேலும் கிடைப்பதுண்டு, அதில் கணிசமான பங்கைக் கொல்லைப்புற அமிலம் வீணாக்குகிறது, நவீன உருக்காலை பெரும்பாலும் வீணாக்குவதில்லை. இன்னொரு மறுப்பு வலுவானது: சான்றிதழ் என்பது வெறும் காகிதமாகிவிடாதா? ஆகும். பிளாஸ்டிக் கழிவுத் திட்டத்தில் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் 2023இல் பிடிபட்டன. கணினியிலும் அது நடக்கலாம். தணிக்கை இல்லாத சந்தையை நம்பச் சொல்வதற்கில்லை. ஆனால் போலிச் சான்றிதழைப் பிடிக்க ஒரு பதிவேடாவது இருக்கிறது, அமிலத் தொட்டிக்கு அதுவும் இல்லை.

மறுசுழற்சிக்கு முன்னால் மறுபயன்பாடு வர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு, கடைப்பிடிப்பவர் அதைவிடக் குறைவு. மடிக்கணினி ஒன்றின் வாழ்நாள் கரிம உமிழ்வில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டுவதே மிகப் பெரிய சேமிப்பு. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களிடம் சென்றன. அவற்றில் விண்டோஸுடன், மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது.  விண்டோஸ் 11 ஏற்காத கணினியில் லினக்ஸ் நிறுவி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்தினால் தட்டச்சுக்கும் பாடத்துக்கும் அது தாராளமாகப் போதும். மறுபயன்பாடு கழிவைத் தள்ளிப்போடுகிறதே தவிர ஒழிப்பதில்லை என்பது உண்மை. புதிய கணினி ஒன்று வாங்கப்படாமல் போவதும் அதே அளவு உண்மை.

பரணில் கிடக்கும் கணினிக்கு விலையைவிட அச்சமே பெரிய பூட்டு: உள்ளே குடும்பப் படங்கள், வங்கி விவரம், ஆதார் நகல். அச்சம் நியாயமானது. விரைவு ஃபார்மட் செய்வதால் தரவு அழிவதில்லை. ஹார்டு டிஸ்க் முழுவதையும் மேலெழுதும் மென்பொருளை ஓட்ட வேண்டும். எஸ்எஸ்டிக்கு அதன் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளை வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுப்பதும் போதுமான வழியே. மடிக்கணினி பேட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ நசுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். அதைத் தனியாக ஒப்படைக்க வேண்டும். ஓராண்டில் 1,000 மின்னணுக் கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவு பெற்றவரிடமே ஒப்படைக்கக் கடமைப்பட்டவை. தனி வீடுகளுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. வாங்குபவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டுப் பார்ப்பதே வீட்டுக்காரரால் ஆகக்கூடிய சோதனை.

ஒரு பெரிய ஓட்டை எஞ்சுகிறது. புறநகர் வீடுகளில் இருக்கும் மேசைக் கணினிகளில் பல, ரிச்சி தெருவில் பாகம் வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு கணினிகள். அவற்றுக்குப் பெயர் சொல்ல உற்பத்தியாளர் கிடையாது. உற்பத்தியாளர் பொறுப்பு என்ற ஏற்பாடு அவற்றைத் தொடுவதில்லை. இத்தகைய அநாதைப் பொருள்களைச் சேகரித்துப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது நகர உள்ளாட்சியின் கடமை என்று விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளுக்கும் இது பொருந்தும். வார்டு மக்கள் தம் குறைகளைச் சொல்லக் கூடும் பகுதி சபைக் கூட்டங்களில், அன்றைய முதலமைச்சர் பங்கேற்ற ஒன்று 2022 நவம்பர் 1ஆம் தேதி நடந்தது இதே மாநகராட்சியின் பம்மலில்தான். சாலையும் சாக்கடையும் பேசப்படும் அந்தக் கூட்டங்களில், அசெம்பிள்டு கணினியை வாங்கிக்கொள்ளும் நாளும் இடமும் எப்போது அறிவிக்கப்படும் என்ற கேள்வியையும் திருநீர்மலைக்காரர்கள் எழுப்ப வேண்டும். விதி அவர்கள் பக்கம் இருக்கிறது.