வியன்னா மகப்பேற்று விடுதியும் பிரசவ சுரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வியன்னாப் பொது வைத்தியசாலையிலே இரு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதலாவது வைத்திய மாணவர்க்கும், இரண்டாவது மருத்துவிச்சிகட்கும் பயிற்சிக் களமாயின. நாள் முறை வைத்தே கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர். 1846இல் முதற் பிரிவிலே நூற்றுக்கு 11 பேருக்கு மேல் மாண்டனர். இரண்டாவதிலோ 3 பேர்க்கும் குறைவு. முதற் பிரிவின் நாளில் வந்துவிட்ட பெண்கள் முழந்தாளிட்டு அழுது மற்றப் பிரிவைக் கேட்டு மன்றாடினர். பேராசிரியர் ஏற்க மறுத்ததைப் பாமர மகளிர் அறிந்திருந்தனர்.

அவ்வாண்டில் முதற் பிரிவின் உதவி வைத்தியராய் அமர்ந்தவர் புடா நகரிற் பிறந்த செம்மெல்வைஸ். காற்றின் கேடு, நெருக்கடி என்று மற்றையோர் கூறிய காரணங்களை அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். நெருக்கடி இரண்டாம் பிரிவிலேயே மிகுதி. வரும் வழியிலே தெருவிற் பிரசவித்தவர்க்கும் இச்சுரம் அரிதாகவே கண்டது. 1847 மார்ச்சில் அவர் நண்பர் கொலெற்ஷ்கா, பிணச் சோதனையின்போது மாணவன் கத்தி விரலிற் பட்டு இறந்தார். அவர் உடலிற் கண்ட குறிகள் இறந்த தாய்மாரிடம் கண்டவையே. மாணவரோ பிணவறையினின்று நேரே பிரசவ அறைக்கு வருபவர்; மருத்துவிச்சிகள் பிணந் தொடார். சவர்க்காரத்தாற் கழுவிய கையிலும் பிணவாடை நின்றது.

மே மாத நடுவில் குளோரீன் நீரிற் கைகழுவல் கட்டாயமாயிற்று. ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த சாவு, யூனில் ஏறத்தாழ 2 ஆயிற்று.

ஆயினும் ஒக்டோபரில் ஒரு பேரிடர் நேர்ந்தது. கருப்பைப் புற்றுநோயுற்ற ஒருத்தியை முதற் கட்டிலிற் கிடத்தி, அவளைச் சோதித்த பின் வெறுஞ் சவர்க்காரத்தாற் கழுவிய கையோடு ஏனையோரையும் சோதித்தனர். உடன் பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தனர். நஞ்சு பிணத்தினின்று மட்டுமன்றி உயிருள்ள நோயாளியினின்றும் செல்லும் என அவர் உணர்ந்தது அப்பொழுதே. அதன்பின் ஒவ்வொருவரையும் தொடுமுன் கைகழுவச் செய்தார். இதுவே அவருடைய ஆராய்ச்சியின் சிகரம் என்பது எம் கருத்து. பிணவாடைக் கதையை மட்டும் சொல்லி நிறுத்துவோர் பாதியையே சொல்கின்றனர்.

தம் கையே கொன்றதென ஒப்புதல் எவ்வைத்தியருக்கும் எளிதன்று. அவரும் விரிவான நூலை 1861 வரை வெளியிட்டாரல்லர். எதிர்த்தோரைக் கொலைஞர் என வைதும் கடிதம் எழுதினார். 1865 ஓகஸ்ட் 13இல் மனநோய் விடுதியொன்றிலே, புண் புரையோடி, குருதி நஞ்சேறி இறந்தார். அதற்கு முந்திய நாளிலேதான் கிளாஸ்கோவில் லிஸ்ரர், கால் முறிந்த சிறுவன் ஒருவனின் புண்ணுக்குக் காபோலிக் அமிலம் இட்டுக் கட்டினார். பிரசவ சுரக் கிருமியை நுணுக்குக்காட்டியிற் கண்டு, சங்கிலி போன்ற அதன் உருவைப் பாஸ்ரர் பாரிசிற் கரும்பலகையில் வரைந்து காட்டியது 1879இல்.