ரெண்டு வட்டி

எங்கள் திருவல்லிக்கேணித் தெருவில் வட்டியை யாரும் சதவீதத்தில் சொன்னதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, இரண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. அவசரத்துக்குத் தெருக்கோடியில் கைமாற்று வாங்கினால் அஞ்சு வட்டி. 1987 முதல் அஞ்சலக ஆர்.டி.க்கு முகவராக வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கிக் கட்டியவள் நான். எனக்கும் இந்தக் கணக்குத்தான் பழக்கம். அஞ்சலகம் அந்நாளில் கொடுத்தது ஏறக்குறைய ஒரு வட்டி. பி.பி.எஃப். கணக்குக்கு 2000 தொடக்கம் வரை 12 சதவீதம், அதாவது சரியாக ஒரு வட்டி. கிசான் விகாஸ் பத்திரத்தில் போட்ட பணம் ஐந்தரை வருடத்தில் இரட்டிப்பானது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மகளிருக்கென்றே அரசு வைத்தது இந்த முகவர் வேலை. நூறு ரூபாய் கட்டினால் நாலு ரூபாய் கமிஷன். மாதம் பிறந்ததும் அட்டைகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் பதினைந்தாம் தேதிக்குள் கட்டி முடிக்க வேண்டும். ஐம்பது ரூபாய் கட்டியவர்கள் உண்டு. பூ விற்ற ஒரு அக்கா, தினமும் இரண்டு ரூபாயைக் கடுகு டப்பாவில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் டப்பாவையே என் மடியில் கவிழ்ப்பார்.

1995 வாக்கில் என் அட்டைகள் குறையத் தொடங்கின. மாடிவீட்டு மாமிதான் முதலில் சொன்னார்.

“இந்த அஞ்சு வருஷம் முடிஞ்சதும் நிறுத்திக்கறேன்டி. அங்கே ரெண்டு வட்டி தரா. மாசம் பொறந்தா செக் ஆத்துக்கே வந்துடறது.”

“யாரு மாமி அவங்க? அந்தப் பணத்தை எங்க போடறாங்க?”

“அதெல்லாம் நமக்கெதுக்கு? ஆபீஸைப் பார்த்தியோ, ஏ.சி. போட்டு ஜில்லுனு இருக்கு.”

நான் கேட்டது சரியான கேள்வி. அதை என் சொந்த அம்மாவிடம் அழுத்திக் கேட்காமல் விட்டேன். அப்பா 1994-ல் காலமான பிறகு, அவருடைய பணிக்கொடையும் சேமநல நிதியுமாக வந்ததில் ஒன்றரை லட்சத்தை அம்மா அதே ரெண்டு வட்டிக் கம்பெனியில் போட்டார். மாதம் மூவாயிரம். பதினான்கு மாதம் ஒழுங்காக வந்தது. பிறகு வந்த செக் வங்கியிலிருந்து திரும்பியது. அடுத்த மாதம் அலுவலகத்தின் ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் செருப்புகளும் குடைகளும் ஒரு கூட்டமுமாக நின்றோம். எல்லோருக்கும் அம்மாவின் வயது.

அப்புறம் புகார், படிவம், நகல், நீதிமன்றம். உயர் நீதிமன்ற வளாகத்துக்கு அம்மாவை அழைத்துப் போய்வந்த அந்த நாட்களில், வக்கீலின் குமாஸ்தா ஒருவர், வயதானவர், பாரிமுனையில் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: “இதே பீச்சாங்கரையில இது முன்னாடியே ஒரு தடவை நடந்திருக்கும்மா. அர்பத்நாட்டுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?” கேள்விப்பட்டதில்லை. அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பிறகு நூலகம் நூலகமாகத் தேடிப் படித்தேன்.

இன்றைய ராஜாஜி சாலைக்கு அன்று முதல் கடற்கரை வரிசை என்று பெயர். கப்பலில் வந்து இறங்குகிறவர் கண்ணில் முதலில் படும் வரிசை அது. பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்றும் சென்னையின் பெரிய வெள்ளைக்கார வியாபார வீடுகள். அர்பத்நாட் கம்பெனி ஏற்றுமதி, இறக்குமதி, ஏஜென்சி என்று நூறாண்டுக்குக் கொஞ்சம் குறைவாக நடத்தி வந்தது. அத்தோடு ஊரார் பணத்தையும் வைப்பாக வாங்கியது. ஜமீன்தார் பணம், ஓய்வுபெற்ற அதிகாரியின் பணம், விதவைகளின் பணம், தர்மகாரியத்துக்கு ஒதுக்கிய பணம் எல்லாம் அங்கே போயின. சென்னை வங்கி என்ற பழைய வங்கி 1843 முதலே இருந்தது. ஆனால் எதில் பணத்தைப் போடலாம், எதில் கூடாது என்று அதன் கையைச் சட்டம் கட்டியிருந்தது; வட்டியும் குறைவு. அர்பத்நாட்டுக்கு அப்படி எந்தக் கட்டும் இல்லை. அது வங்கியே அல்ல, கூட்டாளிகள் சிலரின் வியாபாரம். கணக்கை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஊர் நம்பியது தலைமைக் கூட்டாளியான சர் ஜார்ஜ் அர்பத்நாட்டை. ‘சர்’ பட்டம் வாங்கியவர், கவர்னர் சபை வரை செல்வாக்குள்ளவர். மாமிக்கு ஏ.சி. அறை எப்படியோ, அவர்களுக்கு அந்தப் பட்டம் அப்படி.

பணம் போன இடம் லண்டன். அங்கே பாட்ரிக் மக்ஃபாடியன் என்ற கூட்டாளி, தன் பெயரிலேயே ஒரு கம்பெனி வைத்து, அந்தப் பணத்தை ஊக வணிகத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். நஷ்டத்தை மூட மேலும் பணம், அதை மூட மேலும். 1906 அக்டோபர் 20, சனிக்கிழமை, அவர் லண்டனில் சுரங்க ரயிலின் முன் விழுந்து உயிரை விட்டார். 22-ம் தேதி திங்கட்கிழமை சென்னையில் அர்பத்நாட்டின் கதவு மூடியது. இரண்டே நாள். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இருந்த பென்ஷன்காரர்கள் எத்தனை பேர் அன்று கடற்கரைக்கு ஓடியிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு எங்கள் ஷட்டர் வாசல் நினைவுக்கு வந்துவிடும். பின்னி கம்பெனியும் அதே சமயத்தில் ஆட்டம் கண்டு வேறு கைக்குப் போனது. சர் ஜார்ஜுக்கு மறு வருடம் 18 மாதக் கடுங்காவல். வெள்ளைக்கார கனவான் ஒருவர் மோசடிக்காகச் சென்னையில் சிறை போனது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமல்ல. ஆனாலும் பணம் போட்டவர்களில் யாருக்கும் போட்டது முழுதாகத் திரும்பவில்லை.

கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்று வழக்காடியவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் அவர். வழக்கோடு நிற்காமல், நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்ள நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று கிளம்பினார். நாட்டுக்கோட்டை நகரத்தார் பக்கமிருந்து ராமசாமி செட்டியார் கைகொடுத்தார். அர்பத்நாட் விழுந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. 1907 ஆகஸ்ட் 15 அன்று பாரி கட்டிடத்தில் இந்தியன் வங்கி கதவைத் திறந்தது. பின்னாளில் அதன் தலைமையகம் எழுந்தது அர்பத்நாட் இருந்த அதே இடத்தில். அம்மாவுடன் எத்தனையோ முறை அந்தக் கட்டிடத்தைத் தாண்டிக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு நடந்திருக்கிறேன். தெரியாமலே நடந்திருக்கிறேன்.

அதற்கும் முன்பே, வங்கிக்குள் நுழையக் கூச்சப்பட்ட குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் தங்களுக்குள் ஒரு வழி கண்டிருந்தார்கள். மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு 1872-ல் தொடங்கியது. மாதாமாதம் உறுப்பினர் கொஞ்சம் கட்டுவார். கட்டியவருக்கே நகை மீதோ வீட்டின் மீதோ கடன் கிடைக்கும். வெளியாருக்குக் கடனும் இல்லை, வெளியாரிடம் வைப்பும் இல்லை. நிதி என்ற அமைப்பின் உயிரே அதுதான். கடன் வாங்குகிறவர் யார், அவர் வீடு எந்தத் தெரு என்று பணம் போட்டவருக்குத் தெரியும். 1904-ல் எங்கள் பேட்டையிலேயே திருவல்லிக்கேணி கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்தது. அதே வருடம்தான் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டமும் வந்தது. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-லேயே நாடு முழுக்க வந்துவிட்டது. சின்ன மனிதருக்குச் சின்ன வட்டியில் பத்திரமான இடம் இல்லாமல் இருந்ததில்லை. அங்கே வட்டி போதவில்லை, அவ்வளவுதான்.

போதவில்லை என்பதை நான் குறைசொல்ல மாட்டேன். விலைவாசி ஏறும்போது ஒரு வட்டியை வைத்துக்கொண்டு விதவை ஒருத்தி குடும்பம் நடத்திப் பார்த்தால் தெரியும்.

அர்பத்நாட்டோடு முடியவில்லை. 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தது. 1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி. இந்த இரண்டாவது விழுந்த பிறகுதான், 1962 ஜனவரி முதல், வங்கி வைப்புக்குக் காப்பீடு வந்தது. முதலில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 1993-ல் அது ஒரு லட்சம் ஆனது. 2020 பிப்ரவரியில் 5 லட்சம். இந்தத் தொகை வங்கிக்கு வங்கி தனி என்பது பலருக்குத் தெரியாது. ஒரே வங்கியின் நாலு கிளையில் போட்டாலும் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான்.

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. நம்மைக் காக்கிற ஒவ்வொன்றும் யாரோ பணத்தை இழந்த பிறகே வந்திருக்கிறது. இந்தியன் வங்கியை அர்பத்நாட்டில் இழந்தவர்களின் பணம் கட்டியது. காப்பீட்டைப் பாலாயில் இழந்தவர்களின் பணம் கொண்டுவந்தது. எங்கள் முறை 1997-ல் வந்தது. அந்த ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, நிதி நிறுவனம் நடத்தப் பதிவு கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டிலும் முதலீட்டாளர் நலன் காக்க, ‘டான்பிட்’ என்று நாங்கள் எல்லோரும் பேர் சொல்லப் பழகிய சட்டம் வந்தது. ஓடிப்போன கம்பெனியின் சொத்தை அரசு முடக்கி, தனி நீதிமன்றம் மூலம் விற்று, போட்டவர்களுக்குப் பங்கிட அது வழி செய்தது. மாநிலத்துக்கு இப்படிச் சட்டம் போட அதிகாரம் உண்டா என்று வழக்குகள் நடந்தன. 2011-ல்தான் உச்ச நீதிமன்றம் உண்டு என்று தீர்த்துவைத்தது. அதற்குள் எத்தனை அம்மாக்கள் போய்விட்டார்கள்!

அந்த ரெண்டு வட்டிக் கம்பெனிகள் நடந்த விதத்தை நான் அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும். நமக்கு ரெண்டு வட்டி தருகிறவர், ஏஜென்டு கமிஷன், ஏ.சி. அறை, நாள்காட்டி, குத்துவிளக்குப் பரிசு எல்லாம் போக, தன் பணத்தை மூணு வட்டிக்காவது விட்டாக வேண்டும். மூணு வட்டிக்குக் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டக்கூடிய தொழில் எது? வங்கியில் கடன் கிடைக்காதவர்தான் அங்கே வருவார். அவர் ஒரு வருடம் கட்டுவார், பிறகு கட்டமாட்டார். அப்போது மாமியின் செக்குக்கு அம்மாவின் ஒன்றரை லட்சம் போகும், அம்மாவின் செக்குக்கு அடுத்து வருபவரின் பணம் போகும். வருகிறவர் நின்றால் எல்லாம் நிற்கும். பெயரில் ‘நிதி’, ‘பெனிஃபிட் ஃபண்டு’ என்றெல்லாம் சேர்த்துக்கொண்டதால் மயிலாப்பூரின் பழைய ஃபண்டு போலத்தான் என்று ஜனங்கள் நம்பினார்கள். நூறு வருடம் சேர்த்த நல்ல பெயரை அவர்கள் திருடிக்கொண்டார்கள். என்னால் இன்றும் மன்னிக்க முடியாதது அதுதான்.

பங்குச் சந்தையை நான் இதோடு சேர்க்கவில்லை. அது வேறு. ஏறும், இறங்கும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு நடக்கிற இடம். தெரிந்து போடுகிறவரைத் தடுக்க எனக்கு நியாயமில்லை. ஆனால் எதை எதென்று தெரியாமல் போட்டவர்கள் பட்ட பாட்டையும் பார்த்தேன். யு.டி.ஐ.யின் யு.எஸ்.64 திட்டம் 1964 முதல் நடந்தது. அரசாங்கத்தின் பணம், அஞ்சலகம் மாதிரிதான் என்று என் வாடிக்கையாளர் பலர் வைத்திருந்தார்கள். உள்ளே அது சந்தைப் பணம். 2001 ஜூலையில் ஆறு மாதத்துக்குத் திரும்ப வாங்குவதில்லை என்று நிறுத்தியபோது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னிடம் வந்து, “நீயாவது சொல்லக் கூடாதாம்மா?” என்று கேட்டார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது. ஆறு மாதத்தில் தேவைப்படும் பணம் சந்தையில் இருக்கக் கூடாது என்று அன்று முதல் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

பி.பி.எஃப். வட்டி 2020 ஏப்ரலில் 7.1 சதவீதத்துக்கு இறங்கியது. எங்கள் தெருக் கணக்கில் அரை வட்டிக்குச் சற்று அதிகம். வட்டி இப்படி இறங்குகிற காலத்தில்தான் ரெண்டு வட்டிக்காரர் மறுபடி வருவார். 2022-ல் மாதந்தோறும் பெரும் வட்டி என்று சொல்லி வட மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானவரிடம் வாங்கியவர்கள் மாட்டியபோது, செய்தியில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். அதே குடைகள். பதிவில்லாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2019-லேயே வந்துவிட்டது. அவர்களில் எத்தனை பேர் போடுமுன் பதிவைக் கேட்டார்கள்?

அம்மாவுக்கு நீதிமன்றம் வழியாக ஒரு சிறு பகுதி வந்தது. வந்தபோது அம்மா இல்லை. அண்ணனும் நானும் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். வைப்பு ரசீதை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். வழவழ தாளில், தங்க நிற ஓரம், மேலே பிள்ளையார் படம். அம்மாவின் பெயர் ஆங்கிலத்தில் தப்பாக எழுதியிருக்கும்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் அப்படி ஒரு ரசீது இருக்கக்கூடும். அவமானம் என்று எறிந்துவிடாதீர்கள். முதல் சம்பளம் வாங்குகிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து எடுத்துக் காட்டுங்கள். போட்ட தொகை, தேதி, வட்டி எழுதிய கட்டம் மூன்றையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.