தாலுகா பிரிந்தது, சானல் பிரியவில்லை

எங்கள் அக்காளைக் கட்டிக்கொடுத்தது கேரளத்துப் பாறசாலைப் பக்கம். நான் தமிழ்நாட்டு விளவங்கோட்டுக்காரன். அவள் பேரன் வீட்டில் தமிழ் பேசுவான், பள்ளியில் மலையாளம். என் நிலத்தின் பழைய பத்திரமோ சங்கு முத்திரைத் திருவிதாங்கூர்த் தாளில், மலையாளத்தில்தான் இருக்கிறது. இந்த ஊர்களை மொழி வைத்துக் கோடு போட்டுப் பிரிக்க வந்தவர்கள் பாவம்தான்.

தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் சேர்த்தே கேட்டது. அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாநிலங்களைப் பிரிக்க அமைத்த பசல் அலி கமிஷன் தாலுகா தாலுகாவாகப் பார்த்தது. 1956 நவம்பர் 1 முதல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தில், நெய்யாற்றின்கரை கேரளத்தில். தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும்கூட அங்கேதான் நின்றன. அங்கே மட்டும் மொழிக் கணக்கு போதாமல் போயிற்று!

தண்ணீர்க் கணக்கை யாரும் முடித்து வைக்கவில்லை. நெய்யாறு அணை, பிரிவினைக்கு முந்தைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலக் காலத்துத் திட்டம். அதன் இடதுகரைச் சானல் நெய்யாற்றின்கரை வழியாக விளவங்கோட்டுக்குள் இறங்குகிறது. எங்கள் பக்கம் 9,200 ஏக்கர் பாசனம். பல ஆண்டுகள் தண்ணீர் வந்தது. ஏலாவில், அதாவது வயலில், நெல் நின்றது. 2004-இல் கேரளம் நிறுத்திவிட்டது. இப்போது சானலுக்குள் செடியும் குப்பையும். நெல் போட்ட இடத்தில் வாழையும் ரப்பரும்.

கேரளம் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. நெய்யாறு அங்கேயே பிறந்து பூவாறில் கடலில் சேருகிற ஆறு. இரு மாநில ஆறு இல்லை என்கிறார்கள். ஆனால் பெரியாறும் அவர்கள் ஆறுதானே? அதற்கு 1886-இல் எழுதிய குத்தகை இருக்கிறது, 999 ஆண்டுக்கு. பரம்பிக்குளம்-ஆழியாறுக்கு 1970 ஒப்பந்தம் இருக்கிறது. சண்டை அங்கும் ஓயவில்லை, ஆனால் தண்ணீர் வருகிறது. எங்கள் சானலுக்கு அப்படி உறுதியான ஓர் எழுத்து இல்லாமல் போனதுதான் வினை. நல்ல மனதை நம்பி நடந்த ஏற்பாடு, மனம் மாறியதும் நின்றது.

இந்தத் தண்ணீருக்காக 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. கோர்ட்டு தன் வேலையைப் பார்க்கட்டும். இரண்டு அரசும் உட்கார்ந்து எந்த மாதம், எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர், விலை வேண்டுமென்றால் என்ன விலை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதை இரண்டு மொழியிலும் எழுதுங்கள். இங்கே எல்லாருக்கும் இரண்டும் தெரியும்.