பி-ஸ்கூல் இன்டர்வியூவா? முதல்ல உங்க பெயரை கூகுள் பண்ணிப் பாருங்க!

கேட் ரிசல்ட் வந்து, ஷார்ட்லிஸ்ட் மெயில்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் என்ன செய்வீர்கள்? பிளேஸருக்கு அளவு கொடுப்பீர்கள், டிகிரி பாடங்களைத் தூசு தட்டுவீர்கள், மாக் இன்டர்வியூவுக்குப் பணம் கட்டுவீர்கள். ஆனால் ஆறேழு வருஷமாக நீங்கள் எழுதிய கமென்ட், நண்பர்கள் டேக் செய்த போட்டோ எல்லாம் இணையத்தில் அப்படியேதான் கிடக்கின்றன. அதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள்.

முதலில் தேவையில்லாத பயத்தை விட்டுவிடலாம். ஐ.ஐ.எம்-கள் வெளியிடும் தேர்வு விதிமுறைகளில் கேட் மதிப்பெண், பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மார்க், பணி அனுபவம், நேர்முகத் தேர்வு என்றுதான் இருக்கும். இன்ஸ்டாகிராமுக்குத் தனி மார்க் கிடையாது. ஷார்ட்லிஸ்ட் என்பது ஃபார்முலா போடும் கணக்கு. உங்கள் மீம்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதற்குப் பிறகு வருவது மனிதர்கள். அங்கேதான் கவனம் தேவை.

2017-ல் ஹார்வர்டு கல்லூரி, இளங்கலைப் படிப்புக்கு இடம் கொடுத்திருந்த குறைந்தது 10 பேரின் அட்மிஷனை ரத்து செய்தது. பி-ஸ்கூல் இல்லைதான். ஆனால் காரணத்தைப் பாருங்கள். ஃபேஸ்புக்கில் அவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த தனி சாட் குரூப்பில் பகிர்ந்த ஆபாச, இனவெறி மீம்கள். பப்ளிக் போஸ்ட்கூட இல்லை! 'நமக்குள்ளதானே மச்சான்' என்று நாம் நம்பும் குரூப்பிலும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு ஆள் போதும்.

இனிஷியல் பிரச்னை

இன்காக்னிட்டோ விண்டோவில் உங்கள் பெயரைத் தேடுங்கள். பெயரோடு கல்லூரி, ஊர், பழைய மெயில் ஐ.டி என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். இங்கே நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. மார்க்‌ஷீட்டில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, லிங்க்ட்இன்னில் 'கார்த்திக் எஸ்', இன்ஸ்டாவில் 'கார்த்தி_தல_வெறியன்'. இதில் எது நீங்கள், எது பக்கத்துத் தெரு கார்த்திக் என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? விண்ணப்பத்தில் கொடுத்த பெயரையே லிங்க்ட்இன்னிலும் வைத்து, தெளிவான ஒரு போட்டோ போடுங்கள். தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

லிங்க்ட்இன்தான் உண்மையில் ஆளைக் கவிழ்க்கும் இடம். விண்ணப்பத்தில் 22 மாத அனுபவம், லிங்க்ட்இன்னில் 26 மாதம். இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து எழுதியிருப்பீர்கள், அவ்வளவுதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது பொய்யாகத்தான் தெரியும். வெளிநாட்டு பிசினஸ் ஸ்கூல்கள் பலவும் அட்மிஷன் கொடுத்த பிறகுகூட, தனி ஏஜென்சி வைத்து வேலை, சம்பளம், படிப்பு விவரங்களைச் சரிபார்க்கின்றன. 'டீமை லீட் செய்தேன்' என்று எழுதியிருந்தால் எத்தனை பேர் டீம் என்று சொல்லத் தெரிய வேண்டும். தேதி, பதவி, கம்பெனி மூன்றையும் விண்ணப்பத்தோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். மாற்றுவதற்கு முன், புரொஃபைல் அப்டேட்டை ஊருக்கே அறிவிக்கும் செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க. இல்லாவிட்டால், நீங்கள் கிளம்பப் போகும் செய்தி உங்கள் மேனேஜருக்குத்தான் முதலில் போகும். 'எம்.பி.ஏ ஆஸ்பிரன்ட்' என்ற ஹெட்லைனும் வேண்டாம். இப்போது என்ன வேலை செய்கிறீர்களோ அதை எழுதினால் போதும்.

எதை அழிக்கலாம், எதை விடலாம்?

எக்ஸில் அட்வான்ஸ்டு சர்ச் இருக்கிறது. அதில் உங்கள் ஐ.டி-யையும், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 'நல்ல' வார்த்தைகளையும் கொடுத்துத் தேடுங்கள். தளபதி-தல ஃபேன் வார், ஐ.பி.எல் சண்டை என்று காலேஜ் செகண்ட் இயர் முழுக்க வந்து நிற்கும். தமிழ்ல திட்டினா யாருக்குத் தெரியும் என்று நினைக்காதீர்கள். டிரான்ஸ்லேட் பட்டன் இருக்கிறது. பேனலில் தமிழ்ப் பேராசிரியரும் இருக்கலாம். ஃபேஸ்புக்கில் பழைய பப்ளிக் போஸ்ட்கள் எல்லாவற்றையும் நண்பர்களுக்கு மட்டும் என ஒரே தட்டில் மாற்றும் வசதி உண்டு. இன்ஸ்டாவில் டேக்குகளை உங்கள் அனுமதிக்குப் பிறகே காட்டும்படி வையுங்கள். 2025 ஜூலையிலிருந்து இன்ஸ்டாவின் புரொஃபஷனல் கணக்குகளில் உள்ள பப்ளிக் போஸ்ட்கள் கூகுள் தேடலிலும் வரலாம். ரீல்ஸ் ஆசையில் 'கிரியேட்டர்' கணக்காக மாற்றியவர்கள் இதைக் கவனியுங்கள்.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெள்ளைத்தாளாக நிற்க வேண்டும் என்று சில கோச்சிங் அண்ணன்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கருத்து வேறு, வசவு வேறு. நீட் பற்றியோ இட ஒதுக்கீடு பற்றியோ நீங்கள் நிதானமாக எழுதியது இருந்தால் இருக்கட்டும். பேனலில் அதைக் கேட்டால், எதிர்த்தரப்பின் வாதத்தையும் சேர்த்து இரண்டு நிமிஷம் பேசத் தெரிந்தால் அது உங்களுக்கு லாபம்தான். சாதி, மதம், பெண்கள், உடல் தோற்றம் இவற்றைக் கேலி செய்தவை, ஆபீஸ் ஸ்கிரீனை போட்டோ எடுத்துப் போட்டவை, பழைய மேனேஜரைத் திட்டியவை ஆகியவற்றுக்கு மட்டும் எந்தச் சமாதானமும் எடுபடாது. அழித்துவிடுங்கள். யாரையாவது நிஜமாகவே காயப்படுத்தியிருந்தால், அழிப்பதோடு நிறுத்தாமல் அந்த ஆளிடம் பேசுவதும் நல்லது.

ஃபார்மில் 'போட்டோகிராஃபி' என்று ஹாபி எழுதியிருந்தால், பத்து நல்ல படங்களாவது எங்காவது இருக்கட்டும். கடைசிப் படம் 2021-ல் எடுத்தது என்றால், அந்த ஹாபியை எழுதாமலே விட்டுவிடலாம்.

ஸ்கோர்கார்டு ஸ்டோரி

99 பர்சன்டைல் வந்த சந்தோஷத்தில் ஸ்கோர்கார்டை அப்படியே ஸ்டோரி போடுகிறோம். அதில் பதிவு எண், பிறந்த தேதி, போட்டோ எல்லாம் இருக்கும். மறைத்துவிட்டுப் போடுங்கள். அதைவிட ஆபத்து, தேர்வு முடிந்த கையோடு ஞாபகம் இருக்கும் கேள்விகளை டெலிகிராம் குரூப்பில் கொட்டுவது. கேள்விகளை வெளியிட மாட்டேன் என்ற ஒப்பந்தத்துக்கு கேட்டிலும் ஜிமேட்டிலும் நீங்கள் சம்மதித்த பிறகுதான் தேர்வே எழுதுகிறீர்கள். நிஜ ஜிமேட் கேள்விகளைப் பகிர்ந்த ஸ்கோர்டாப் இணையதள விவகாரத்தில், 2008-ல் 84 பேரின் மதிப்பெண்கள் ரத்தாயின. கேள்விகளைப் போட்டவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான்.

ஸ்கோரைப் பப்ளிக்காகப் போட்ட சில நாளில் இன்னொன்றும் நடக்கும். 'சார், உங்க பர்சன்டைலுக்கு ஐ.ஐ.எம்-ல மேனேஜ்மென்ட் கோட்டாவுல சீட் இருக்கு, டோக்கன் அட்வான்ஸ் மட்டும் கட்டுங்க' என்று போன் வரும். ஐ.ஐ.எம்-களில் மேனேஜ்மென்ட் கோட்டா என்ற ஒன்றே கிடையாது. நம்பரை பிளாக் பண்ணிடுங்க, வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அடுத்த போன் அப்பாவுக்குப் போகலாம்.